எவன் இஞ்சினோ

“சாவி திரும்புது அண்ணாத்த. இஞ்சினும் எடுக்குது. நாலு தும்மல் தும்மிட்டு நின்னுடுது. இன்னா பொட்டி செஞ்சி குடுத்துகிறீங்கோ?”

செல்போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் குரல் கடை முழுக்கக் கேட்டது. ஜெனரேட்டர்களுக்குச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்கிற கன்ட்ரோல் பெட்டி பொருத்தித் தருவது கூடுவாஞ்சேரி தீனதயாளனின் தொழில். ஒவ்வொரு பெட்டியின் மேலும் தன் நம்பரை ஒட்டி அனுப்புவார். அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாமா என்று இன்று தோன்றியது.

“யாருப்பா பேசுறது?”

“துரை. சதுரங்கப்பட்டினத்துல எறா பண்ணை. இந்த இஞ்சின் ஓடலன்னா, கரண்டு போற அன்னிக்குக் குளத்துக்குக் காத்து அடிக்கிற மோட்டார் நின்னு எறா மொத்தமும் செத்து மிதக்கும். மொதலாளி என்னையும் மிதக்க வுட்டுடுவாரு.”

எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காசிநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செங்கல்பட்டில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்.

“தீனா, நான் வந்து எவ்ளோ நேரம் ஆச்சு? வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஜெனரேட்டர் இல்லாத மண்டபத்துல கரண்ட் போச்சுன்னா, பொண்ணு வூட்டுக்காரங்க என்னைத்தான் தூக்கி ஹோமத்துல போடுவாங்க.”

“வாடகைக்கு எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன் சார். முகூர்த்த நாளு, ஒண்ணு கூட மிச்சமில்ல. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்னு டீலர் சொல்றான். இதோ, இவனை முடிச்சிட்டு வந்துடறேன்.” தீனதயாளன் போனுக்குத் திரும்பினார். “துரை, சாவியை நடுவுல மட்டும் வை. ஸ்டார்ட் பண்ணாதே. இப்ப இன்னா லைட் எரியுது?”

“சாவி எங்கியோ பூட்ச்சி. டிராக்டர் சாவி போட்டுகீறேன்.”

“டிராக்டர் சாவியா?”

“திரும்புது அண்ணாத்த. ரெண்டு லைட்டு எரியுது. ஒண்ணு பேட்டரி. இன்னொண்ணு கூஜா மாதிரி கீது, மூக்குல ஒரு சொட்டு வுழுது.”

“அது ஆயில் லைட். இஞ்சின் எடுத்ததும் அணையணும்.”

“எங்க அணையுது? அது மொறைச்சினே கீது. இஞ்சின்தான் அணையுது.”

தீனதயாளன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆயில் இல்லேன்னா பெட்டி இஞ்சினை நிறுத்தும். அதுக்குத்தான்பா பெட்டியே. பக்கத்துல ஆயில் குச்சி இருக்கும், உருவிப் பாரு.”

போனில் எதையோ உருவுகிற சத்தம் கேட்டது. பிறகு, “குச்சி சுத்தமா கீது. பல்லு வெளக்கலாம்.”

“சொட்டு ஆயில் இல்லாமலா இத்தனை தடவ சாவியைத் திருப்புன?”

“லாரில ஏத்தசொல்ல சாஞ்சி ஊத்திகினு பூட்ச்சி போல. அத்த வுடு. அந்த லைட்டுக்குப் போற ஒயரை வெட்டிட்டா நிக்காம ஓடும்னு இங்க ஒரு மெக்கானிக் சொல்றான். வெட்டிடவா?”

“எந்த ஒயரை?”

“பச்ச ஒயரு. முனையில மட்டும் ரோஸ் கலர் நெயில் பாலிஷ் தடவிக் கீது. எவன் பண்ண வேலையோ, பேஜாரு புடிச்சவன்.”

தீனதயாளன் காசிநாதனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“அண்ணாத்த, கீறியா?”

“இருக்கேன் துரை. அந்த ஒயர்ல கை வைக்காதே. வெட்டினா ஆயில் இல்லாம ஓடி பிஸ்டன் புடிச்சிக்கும். அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.”

காசிநாதனுக்குப் பொறுக்கவில்லை. “எவன் இஞ்சினோ புடிச்சிக்கினு போவட்டும், உனக்கு இன்னா நஷ்டம்? வெட்டிக்கோன்னு சொல்லிட்டு என் கதைக்கு வா.”

“நல்ல இஞ்சின் சார்” என்றார் தீனதயாளன், போனைக் கையால் பொத்தியபடி. பிறகு, “துரை, புது ஆயில் வாங்கி குச்சியில மேல் கோடு வரைக்கும் ஊத்து. ஆயில் ஃபில்டரையும் மாத்திடு. ரேடியேட்டர்ல தண்ணி பாரு.”

“ஃபில்டருமா?”

“மாத்திடு. உன் காசு ஏன் போவணும், நானே திரும்பக் கூப்பிடறேன்.”

காசிநாதன் எழுந்துவிட்டார். “சொந்த செலவுல வேற கூப்புடுறியா? நீ எறாவுக்கே வைத்தியம் பாரு. நான் போய் மண்டபத்துக்கு மெழுகுவத்தி வாங்குறேன்.”

“உக்காருங்க சார். டீ சொல்றேன்.”

டீ வந்தது. காசிநாதன் அதைத் தொடவில்லை. டீயின் மேல் ஆடை படிந்த பிறகு, தீனதயாளன் மறுபடி அந்த நம்பருக்குப் போட்டார். இந்தத் தடவை துரையின் குரலுக்குப் பின்னால் இஞ்சின் சீராக உறுமிக்கொண்டிருந்தது.

“கூஜா அணைஞ்சிடுச்சி அண்ணாத்த. நிக்கவே இல்ல.”

“ஓடட்டும். இன்னைக்கே நேர்ல வந்து ஒரு தடவ பாத்துடறேன். சர்வீஸ் இலவசம். எப்படி வரணும்?”

“கோட்டையத் தாண்டி வந்தா ஐஸ் கம்பெனி. அத்த ஒட்டி மண்ணு ரோடு. நீலத் தகரக் கொட்டா. யார வேணா கேளு.”

“இலவசம்” என்றார் காசிநாதன், சுவரைப் பார்த்து. “எறாவுக்கு இன்னைக்கே. எனக்கு மட்டும் ரெண்டு வாரம்.”

தீனதயாளன் போனை மேஜைமேல் வைத்தார்.

“போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வண்டியை எடுங்க சார். போன மாசம் உங்க மண்டபத்துல இருந்து களவு போச்சே, நான் ஒயர் இழுத்து ரோஸ் நெயில் பாலிஷ்ல அடையாளம் போட்டுக் குடுத்த ஜெனரேட்டர், அது புது ஆயில் புது ஃபில்டரோட சதுரங்கப்பட்டினத்துல ஓடிக்கினு கீது.”