அசையாத புள்ளி

புள்ளி அசையவில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து கைபேசி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலப் புள்ளி, மகள் ஓவியா. பதினேழு வயது. நான்கு தெரு தள்ளி, டியூஷன் சென்டர், இரண்டாவது மாடி.

ஐந்தேகாலுக்கு இடைவேளை. வகுப்பே கீழே இறங்கி எதிர்க்கடைச் சமோசாவை மொய்க்கும். புள்ளி மட்டும் இறங்கவில்லை.

நேற்றும் இறங்கவில்லை.

வேறோர் அப்பாவாக இருந்தால், பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை என்று பூரித்திருப்பார்.

இவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. இதே நேரத்தில் கம்பெனி வரைபடத்தில் இவருடைய புள்ளியும் ஒரு பல் மருத்துவர் வாசலில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி கொடுத்த போனைக் கூட வேலை பார்க்கும் மன்சூரின் பையில் போட்டு அனுப்பியிருந்தார். நாளைக்கு மன்சூரின் போன் இவர் பையில்.

ஆரம்பத்தில் விவரம் போதவில்லை. போனைக் கிளினிக் பெஞ்சுக்கடியில் ஒளித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டார். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "என்னய்யா, அங்கேயே அட்மிட் ஆயிட்டியா?"

மனுஷன் கையில் இருக்கும் போன் எழுந்திருக்கும், நடக்கும், தண்ணீர் குடிக்கப் போகும்.

டீயைக் கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வழியெல்லாம் மனசு தன் பாட்டுக்கு ஒரு பையனைச் செய்துகொண்டே வந்தது. மீசை வைத்தது. பைக் வாங்கிக் கொடுத்தது. ஹெல்மெட் மட்டும் கொடுக்கவில்லை.

இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

காலி வகுப்பில் மகளின் தோழி பெனிட்டா. முன்னால் டெஸ்கில் இரண்டு போன்கள், ஒன்று ஓவியாவுடையது. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாய்க்கால் பக்கம்தான் அங்கிள். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் இருக்க மாட்டா. சும்மா உக்காந்துட்டு வந்துடுவா."

"யாரோட?"

"யாரும் இல்ல அங்கிள்."

அவர் நம்பவில்லை. மன்சூரும் யார் கேட்டாலும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வான்.

தெரு முடிந்த இடத்தில் வாய்க்கால்.

கரைச்சுவரில் ஓவியா.

தனியாக.

செருப்பு கீழே கிடந்தது. மடியில் பை, பைமேல் மோவாய். அழவில்லை. ஒரு தடவைகூடத் தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் கவர் கல்லில் மாட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன.

அந்த உட்காரல் அவருக்குத் தெரியும். தினம் வேப்பமரத்தடியில் அவர் உட்காருவதும் அப்படித்தான்.

கூப்பிட வாயெடுத்தார்.

கைபேசி அடித்தது. மனைவி. குடும்பத்துக்கே புள்ளி வைத்துக் கொடுத்தவள்.

"ஏங்க, இவ புள்ளி ரொம்ப நேரமா அப்படியே நிக்குதே. நீங்க வாய்க்கால்ல என்ன பண்றீங்க?"

"டாக்டரைப் பாக்க வந்தேன்."

"வாய்க்கால்லயா?"

"பக்கத்துலதான். வச்சிடறேன்."

மகள் திரும்பவில்லை. அவர் சத்தமில்லாமல் பின்வாங்கினார்.

மறுபடி இரண்டு மாடி.

பெனிட்டா அழுவதற்குத் தயாராக இருந்தாள். அவர் மகளின் போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"டெஸ்க்லயே போட்டுடாதம்மா. எடுத்துக்கிட்டு அப்பப்ப தண்ணி குடிக்கப் போ. அவங்கம்மாவும் பாத்துக்கிட்டிருக்காங்க."