உருளையில் பதிந்த கை

உருக்கிய அலுமினியம் இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து, தகடாக வெளியே வந்துகொண்டே இருந்தது. அதில் விரித்த கை ஒன்று பதிந்திருந்ததை முதலில் பார்த்தவர் சூப்பர்வைசர் மரியதாஸ்தான். உருளை ஒரு சுற்று சுற்றியதும் மறுபடியும் அதே கை. “எவன்யா வெறுங்கையால ரோலைத் தொடச்சது? வரிசையா வந்து கையக் காட்டுங்க, வச்சுப் பாத்துடலாம்.” காலையில் கையுறை தேடச் சோம்பல்பட்டுத் துடைத்த கொளஞ்சி, பேன்ட் பைக்குள் கையை இறுக மூடிக்கொண்டான். அடுத்த சுற்றில் தகட்டில் வந்தது, இறுக மூடிய கை. “சார், மெஷினை நிறுத்திடலாம் சார்” என்றான் கொளஞ்சி. “நிறுத்தினா உள்ள இருக்கிறதெல்லாம் உறைஞ்சுபோயிடும். பேசாம வாய்யா.” வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். பைக்குள் நகம் உள்ளங்கையில் பதியும்படி இறுக்கினான். உருளை சுற்றி வந்தது. தகட்டில் சுண்டுவிரல் மட்டும் விரிந்திருந்தது. அவன் இன்னும் விரிக்கவே இல்லை.