குரைப்பு நின்ற வீடுகள்

“அதோ பாரு, வேலியேறிக் குதிக்கிறான்! எலிசியோதான் அது!”

சில்வியா கை நீட்டிய திசையில் ஹெர்மினியா எட்டிப் பார்த்தாள். ஊரே மேட்டில் நிற்கிறது. கீழே குப்பத்தில் ஒருத்தன் மட்டும் வீடு வீடாகப் புகுந்து வெளியே வருகிறான்.

அன்று விடிந்ததிலிருந்தே யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை. டிவியைப் போட்டால் ஜப்பானில் கடல் ஊருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது. காரையும் படகையும் கூரையையும் ஒன்றாய்த் திரட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல். ஹெர்மினியா ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றவள்தான், உட்காரவே இல்லை. சிலியின் இந்தக் கரைக்குப் போன வருஷம் இதே கடல் இதே மாதிரி வந்தது. அவள் வீடு இருந்த இடத்தில் குளியலறைத் தரை மட்டும்தான் மிஞ்சியது.

“அய்யோ, அந்த ஜனங்க... மாதாவே, அந்த ஜனங்க” என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை.

மத்தியானம் சங்கு ஊதியது. ஜப்பானில் கிளம்பிய தண்ணீர் ராத்திரிக்குள் கடலைத் தாண்டி இங்கே வரும், எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்று உத்தரவு. சொல்லவா வேண்டும்? அரை மணியில் ஊர் காலி.

இப்போது மணி ஐந்து. பாதையை மறித்து போலீஸ் நிற்கிறது, யாரும் கீழே இறங்கக் கூடாது.

“இவன் மட்டும் எப்படி இறங்கினான்?” என்றாள் ஹெர்மினியா.

“புதர் வழியா போயிருப்பான். போன வருஷம் பார்த்தோமே அவன் லட்சணத்த!”

பார்த்ததுதான். தண்ணீர் வடிந்த மறுநாள், உடைந்த கடையிலிருந்து எலிசியோ வாஷிங் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதை நாடே டிவியில் பார்த்தது. ஊரில் கரண்டு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, இவனுக்கு வாஷிங் மெஷின்! எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

“அந்தக் கடையிலேர்ந்து நீகூட ரெண்டு மூட்டை மாவு...” என்று இழுத்தாள் சில்வியா.

“அது பசிக்கு எடுத்ததுடி! அதுவும் இதுவும் ஒண்ணா?”

அப்போதுதான் சில்வியா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏய், கேளு. என் வீட்டு நாய் குரைக்கல.”

ஹெர்மினியா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். திருடனுக்குப் பயந்து ஊரில் எல்லாருமே நாயை வாசலில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் மேடேறியிருந்தார்கள். இவ்வளவு நேரம் கீழே ஒரே குரைப்பு. இப்போது எலிசியோ நுழைகிற வீட்டில் மட்டும் சத்தம் உச்சத்துக்குப் போய், சட்டென்று நிற்கிறது. சில்வியா வீடு அடங்கிவிட்டது. வாத்தியார் வீடு அடங்கியது. அடுத்து ஹெர்மினியாவின் புது வீட்டுப் பச்சைக் கதவு.

“என் சுல்தான்!” ஹெர்மினியா போலீஸ் நின்ற பக்கம் ஓடினாள்.

சுல்தான் குரைத்தது. இன்னும் பலமாகக் குரைத்தது. நின்றது.

“கொன்னுட்டான்! விஷம் வெச்சுக் கொன்னுட்டான்! சார்ஜென்ட், என்ன வேடிக்கை பாக்கறீங்க? சுடுங்க அவனை!”

சார்ஜென்ட் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கீழே ஓடினார். ஹெர்மினியா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “உலகம் அங்க முழுகிக்கிட்டிருக்கு, இவனுக்குத் திருடத் தோணுது பாரேன். இவனெல்லாம் மனுஷனா? இவன் கை அழுகிப் போக!”

கூட்டமும் ஆளுக்கொரு சாபம் விட்டது.

புதருக்குள் சலசலப்பு. முதலில் சில்வியாவின் கறுப்பு நாய் வந்தது. பின்னால் வாத்தியாருடையது. அப்புறம் ஐந்து, பத்து, இருபது என்று மூச்சிரைக்க மேடேறி வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் அறுந்த கயிறு தொங்கியது.

சுல்தான் பாய்ந்து வந்து ஹெர்மினியாவின் முகமெல்லாம் நக்கியது. அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

கையில் விலங்கோடு எலிசியோவைக் கூட்டி வந்தார் சார்ஜென்ட். ஒரு சமையல் கத்தியைத் தூக்கிக் காட்டினார். “இது ஒண்ணுதான் இருந்தது இவன்கிட்ட. பை, மூட்டை எதுவும் இல்ல.”

“ஏன்டா, எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே...” என்று ஆரம்பித்தாள் சில்வியா.

“நான் சொன்னா யார் நம்பறது?” என்றான் எலிசியோ. “போன வருஷம் என்னைப் பிடிச்சப்ப, ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு முந்தி சேறு அள்ள விட்டாங்க, சென்யோரா. நாப்பத்தோரு நாயைப் புதைச்சேன். ஒண்ணு பாக்கியில்லாம சங்கிலியோட. சில சங்கிலியில உடைஞ்ச பல்லு சிக்கியிருந்தது.”



சார்ஜென்ட் நோட்டை எடுத்தார். “வீடு புகுந்தது குத்தம்தான். சென்யோரா ஹெர்மினியா, உள்ளே என்னென்ன விட்டுட்டு வந்தீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

ஹெர்மினியா பின்னால் நின்ற தன் வேனைத் திரும்பிப் பார்த்தாள். டிவி, மைக்ரோவேவ், தையல் மெஷின், மெத்தை, மடக்கு நாற்காலி நாலு, பூந்தொட்டி இரண்டு. வீட்டில் அவள் விட்டு வந்தது ஒன்றே ஒன்றைத்தான். அதற்கு மட்டும்தான் வண்டியில் இடமில்லாமல் போயிருந்தது.