மூன்றாவது பாட்டில் ஒரு கிணுக்கம்

பழைய இசைத்தொகுப்பு ஒன்றைப் புதுத் துல்லியத்தில் மறுபடி வெளியிட இருந்தார்கள். ஒலிப்பொறியாளர் ஜெரால்டு, அன்று அதில் கோரஸ் பாடிய கமலவேணியை வரவழைத்து ஹெட்போனை நீட்டினான்.

"மூணாவது பாட்டுல என்னமோ கிணுகிணுங்குதும்மா. கேசட்ல இது கேக்கவே இல்ல."

கேட்டதும் சிரித்துவிட்டாள். "என் வளையல் தம்பி! வளைகாப்பு முடிஞ்ச வாரம் பாடினது. கழட்டச் சொன்னாங்க. பிள்ளை பொறக்காம கழட்ட மாட்டேன்னுட்டேன். கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுப் பாடினேன்."

"இப்ப கைக்குட்டைக்குள்ள இருக்கறதும் கேக்குது. விடுங்க, ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"எடுத்துட்டா நான் அதுல எங்க இருப்பேன்? அட்டையில பேரு கிடையாது. அஞ்சு பேர் குரல்ல என் குரல் எதுன்னு எனக்கே தெரியல."

"இரைச்சல்னு கம்பெனியில திருப்பி அனுப்பிடுவாங்கம்மா."

"புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்கறத விட்டுவெச்சிருக்கியே, அது மட்டும் சங்கீதமா?"

ஜெரால்டு மறுபடி ஓடவிட்டான். ஒவ்வொரு கிணுக்கமும் தாளத்தில் பிசகாமல் விழுந்தது. பாட்டை நிறுத்தி, கலைஞர்கள் விவரத்தைத் திரையில் திறந்தான். வாத்தியம் என்ற இடத்தில் 'வளையல்' என்று அடித்தான். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"முழுப் பேர் சொல்லுங்கம்மா."