நாலு ராணிகள்

மாசிலாமணி சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்துத்தான் போட்டார். ஆனாலும் நான்கு ராணிகளும் அவருடைய மச்சான் கையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. "திருட்டு ஆட்டமா ஆடுற?" என்று மற்ற இருவரும் மாசிலாமணியின் சட்டையைப் பிடித்தார்கள்.

"ஐயையோ! அந்த மனுஷன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே! நாங்களாத்தானே வந்தோம்!" என்று அலறியது அந்த நாலு சீட்டுகளில் ஒன்றான ஆர்ட்டின் ராணி. யார் காதிலும் விழவில்லை.

பயந்துபோன மாசிலாமணி, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டை மேசைக்கடியில் மறைத்து, ஆளுக்கொரு ராணி வருகிற மாதிரி அடுக்கிப் போட்டார்.

"இப்பத்தான்யா ஒழுங்கா கலைச்சிருக்க!" என்று அவர் முதுகில் தட்டினார்கள், சட்டையைப் பிடித்த அதே ஆட்கள்.

ஆர்ட்டின் ராணிக்குப் பக்கத்திலிருந்த கிளாவர் ரெண்டாம் சீட்டு கெஞ்சியது: "அக்கா, இனிமே தப்பித்தவறிக்கூட நீங்க நாலு பேரும் சேர்ந்து வந்துடாதீங்க. அந்த மனுஷனைக் கொன்னே போட்டுடுவாங்க."