இனியனுக்குக் கட்டிய டப்பா

"ஏனுங்க, இனியன் டப்பாவை மறந்துடாதீங்க. சின்ன காலேஜு, கோல்ஃப் டீமுக்கு லஞ்ச் குடுக்கக்கூட பட்ஜெட் இல்லைன்னு சொன்னானே," என்றாள் நாகமணி.

"சரி."

"மேட்ச் முடிஞ்சதும் ஒரு கால் பண்ணச் சொல்லுங்க."

"முடிஞ்ச கையோட கோச் வேன்ல ஏத்திட்டுப் போயிடுறாரு. அவனுக்கு எங்க டைம் இருக்குது?"

போன சனிக்கிழமை சொன்ன அதே பதில்தான். சொல்லிவிட்டுக் கந்தசாமி ரிச்சர்ட்சன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணி மைதானத்துக்கு வந்தார்.

கிளப் ஹவுஸ் சுவரில் இந்த வருஷத்து, 1998 அணிப் பட்டியல் தொங்கியது. ஐந்தாவதாக இருந்த இனியன் பெயரைக் கோச் அடித்திருந்தார். அவன் இடத்துக்கு வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் அப்பாவிடம் சண்டை போட்டவன், டீமையும் காலேஜையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். நாகமணி தாங்கமாட்டாள் என்று அவர் அதை வீட்டில் சொல்லவே இல்லை.

பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்து, மகனுக்குக் கட்டிய தயிர்சாதத்தை வழக்கம்போலத் தானே சாப்பிட டப்பாவைத் திறந்தார்.

மூடிக்குள், காகிதத்தில் மடித்து, அவருடைய மத்தியான பிரஷர் மாத்திரை இருந்தது.