நூறு டிகிரி

அறிவியல் டீச்சர் கடைசி நோட்டை மேசையில் விட்டெறிந்து, எதிரே நின்ற மாணவியை முறைத்தார்.

"காலையில லேப்ல முப்பத்தொன்பது பேருக்கு நூறு டிகிரியில தண்ணி கொதிச்சிருக்கு. உனக்கு மட்டும் கொதிக்கலையா?"

"கொதிக்கல டீச்சர். அது வந்து..."

"சாக்குச் சொல்லாதே. பக்கத்துல இருக்கறவளைப் பார்த்தாவது எழுதியிருக்கலாம்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற தலைகளெல்லாம் குனிந்தே இருந்தன. அந்தப் பயம் இருக்கட்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

லேப் உதவியாளர் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிடுங்க டீச்சர். காலையில கேஸ் தீர்ந்துபோய் ஒரு அடுப்பும் எரியலையாம். இப்பதான் சிலிண்டர் மாத்தினேன். பிள்ளைங்களை அனுப்பறீங்களா?"

முப்பத்தொன்பது பேரையும் திட்ட டீச்சர் வாயெடுத்தார். மேசைமேல் அவருடைய தினசரி வேலைப் பதிவேடு திறந்தே கிடந்தது. காலையில் அவர் கைப்பட எழுதியது:

"கொதிநிலை நூறு டிகிரி. உடனிருந்து பார்த்தேன்."